ஆக்சிஜன் யார் கைக்குப் போகிறது: கலப்பு பயோஃபிலிமைக் கணினியில் வளர்ப்பது

கழிவுநீர்த் தொட்டியில் மிதக்கும் பிளாஸ்டிக் கேரியர்களின் மேல் படியும் வழவழப்பான நுண்ணுயிர்ப் படலத்தில் (பயோஃபிலிம்) இரண்டு கூட்டங்கள் ஒரே ஆக்சிஜனுக்கு அடித்துக்கொள்கின்றன. ஒன்று கரிமக் கழிவைத் தின்னும் ஹெட்டிரோட்ராஃப். இன்னொன்று அமோனியாவை நைட்ரேட்டாக்கும் நைட்ரிஃபையர். கலப்பு பயோஃபிலிம் மாடலிங் பழக இதைவிட நல்ல ஜோடி இல்லை. முக்கியமான எண்களெல்லாம் ஏற்கெனவே அச்சில் இருக்கின்றன.

1987இல் வந்த, கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கான ஏஎஸ்எம்1 மாடல் 20 டிகிரிக்குத் தரும் வழக்கமான மதிப்புகள் இவை: ஹெட்டிரோட்ராஃபின் உச்ச வளர்ச்சி வேகம் நாளுக்கு 6, விளைச்சல் (ஒரு கிராம் உணவுக்குச் சேரும் உடல், கிராமில்) 0.67. நைட்ரிஃபையருக்கு 0.8, 0.24. அதாவது முன்னது 2.8 மணி நேரத்தில் இரட்டிக்கும், பின்னது கிட்டத்தட்ட 21 மணி நேரத்தில். இதை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை என்று தோன்றும். ஆனால் ஒரு கிராம் (சிஓடி கணக்கில், அதாவது அதை முழுதாக ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜனின் அளவில்) உடல் வளர்க்க ஹெட்டிரோட்ராஃபுக்கு அரை கிராம் ஆக்சிஜன் போதும்; நைட்ரிஃபையருக்கு 18 கிராம் வேண்டும். ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்கத் தேவையான ஆக்சிஜன் 4.57 கிராம்; அதிலிருந்து 0.24ஐக் கழித்து, மீதியை 0.24ஆல் வகுத்தால் அந்த 18 வரும்.

சிமுலேஷன் ஓட்டுவதற்கு முன் ஒரு காகிதக் கணக்கு போட்டுவிட வேண்டும். நீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராம், படலத்தின் அடர்த்தி லிட்டருக்கு 10 கிராம் சிஓடி, படலத்துக்குள் ஆக்சிஜனின் பரவல் (டிஃப்யூஷன்) நீரில் இருப்பதில் 80 சதவீதம் (நாளுக்கு 0.00014 சதுர மீட்டர்) என்று வைப்போம். ஆக்சிஜன் ஊடுருவும் ஆழம் = பரவல் கெழு, நீரின் ஆக்சிஜன் செறிவு, 2 ஆகியவற்றின் பெருக்கலைக் கன அளவுக்கான நுகர்வு வேகத்தால் வகுத்து, அதன் வர்க்கமூலம். முழு வேகத்தில் தின்னும் ஹெட்டிரோட்ராஃப் மட்டும் இருந்தால் சுமார் 190 மைக்ரான். நைட்ரிஃபையர் மட்டும் இருந்தால் 90 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு. மெதுவாக வளர்வதுதான் ஆக்சிஜனைச் சீக்கிரம் காலி செய்கிறது! நீரில் ஆக்சிஜனை இரட்டிப்பாக்கினாலும் ஆழம் 1.4 மடங்குதான் கூடும். சிமுலேஷன் இந்த எண்களுக்கு வெகு தொலைவில் ஏதாவது காட்டினால், அலகுகளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். உலர் எடை ஒரு கிராமுக்கு 1.42 கிராம் சிஓடி. இந்த இரண்டையும் குழப்புவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

எந்த மென்பொருள்? தொட்டி முழுக்க எவ்வளவு அமோனியா நீங்கும் என்பது மட்டும் கேள்வியானால், 1986இல் வானர், கூயர் இருவரும் தந்த ஒற்றைப் பரிமாண மாடலே போதும். முப்பரிமாணப் படம் அழகாக இருக்கிறது என்பதற்காக அதற்குப் போவது வீண் செலவு. யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது முடிவை மாற்றும் என்றால்தான் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பின்தொடரும் மாடல் தேவை: 2011இல் வந்த ஜாவா நிரலான ஐடைனோமிக்ஸ், அல்லது லாம்ப்ஸ் என்ற துகள் சிமுலேஷன் மென்பொருள் மேல் கட்டி 2019இல் வெளியான நூஃபெப். பெரிய எண்ணிக்கைக்குப் பின்னது தேவலை.

உள்ளே நடப்பது ஒரு சுழற்சி. முதலில் செறிவுகளைத் தீர்ப்பது, பிறகு செல்கள் வளர்வது, பிரிவது, ஒன்றையொன்று தள்ளி இடம்பிடிப்பது, கடைசியாக மேற்பரப்பு அரிபடுவது. 100 மைக்ரானைப் பரவல் கடக்க ஆறேழு வினாடி. செல் இரட்டிக்க மணிக்கணக்கு. அதனால் ஒவ்வொரு படியிலும் செறிவு சமநிலைக்கு வந்துவிட்டதாக வைத்துத் தீர்க்கலாம். செல்களுக்கான காலப்படி 15 நிமிடம் வைத்தால் ஹெட்டிரோட்ராஃப் ஒரு படியில் 6 சதவீதம்தான் பருக்கும். ஒரு மணி நேரம் வைத்தால் தள்ளும் கணக்கு ஈடுகொடுக்காமல் செல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும்; அடர்த்தி பொய்யாகக் கூடி, ஆக்சிஜன் ஆழம் குறைந்து, நைட்ரிஃபையர் காரணமில்லாமல் தோற்கும். செல் எந்த அளவுக்குப் பருத்ததும் பிரியும் என்பதில் 10 சதவீதம் வாக்கில் தற்செயல் வேறுபாடு கொடுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் பிரிந்து வரைபடம் படிக்கட்டு போல் இருக்கும்.

ஐடைனோமிக்ஸின் மல்டிகிரிட் சால்வருக்கு (செறிவுகளைத் தீர்க்கும் பகுதி) கிரிட் புள்ளிகள் 33, 65, 129 என்ற வரிசையில் வேண்டும். 4 மைக்ரான் கட்டம் இங்கே போதும். பாதியாக்கி ஒருமுறை ஓட்டிப் பார்த்து முடிவு மாறவில்லை என்றால் விட்டுவிடலாம். பக்கவாட்டு எல்லைகள் சுழல்வன (ஒரு பக்கம் வெளியேறுவது மறுபக்கம் நுழையும்), அடித்தளத்தில் கசிவு இல்லை. மேலே இருக்கும் தேங்கிய நீர்ப்படலத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். அது பயோஃபிலிமின் உச்சியோடு சேர்ந்து நகர வேண்டும். பெட்டியின் கூரையில் நிலையாக ஆணியடித்துவிட்டால், பயோஃபிலிம் வளர வளரத் தடை குறைந்து தானாகவே உணவு கூடிவிடும். இந்த நீர்ப்படலம் தடிமனாக இருந்தால் பயோஃபிலிமின் மேற்பரப்பு விரல் விரலாக எழும்பும். மெலிதாக இருந்தால் சமமாக வளரும். அந்த விரல்களைப் பார்த்து உயிரியல் விளக்கம் தேட வேண்டாம்.

அரைச்செறிவு மாறிலியிலும் (வளர்ச்சி உச்சத்தில் பாதியாகும் செறிவு) ஒரு கண்ணி உண்டு. ஏஎஸ்எம்1இல் கரிமப் பொருளுக்கான மதிப்பு, கன மீட்டருக்கு 20 கிராம் சிஓடி, மிதக்கும் கழிவுத் திரள்களைக் கருதி வைத்தது. திரளுக்குள் பரவல் தடை ஏற்கெனவே அதில் கலந்திருக்கிறது. பரவலைத் தனியாகத் தீர்க்கும் மாடலில் அதை அப்படியே போட்டால் ஒரே தடையை இருமுறை எண்ணியதாகும். பயோஃபிலிம் மாடல்களில் 4 போன்ற சிறிய மதிப்பு புழங்குவது இதனால்தான்.

இனி போட்டி. சம எண்ணிக்கையில் தூவித் தொடங்கினால், கரிமக் கழிவு தாராளமாக உள்ள நீரில் ஹெட்டிரோட்ராஃப் மேலே போர்த்திக்கொள்ளும். அடியில் மாட்டிய நைட்ரிஃபையருக்கு ஆக்சிஜன் எட்டாது. கரிமக் கழிவைக் குறைத்தால் அதே அடித்தளம் அடைக்கலமாகிவிடும், ஏனெனில் அரிப்பு மேற்பரப்பைத்தான் தின்கிறது. அரிப்பு வேகத்தைத் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப வைப்பது வழக்கம். அதன் மாறிலியை நேராக அளக்க முடிவதில்லை. கிடைத்த தடிமனுக்குப் பொருத்தித்தான் எடுக்கிறோம். ஆகவே அதைப் பத்து மடங்கு ஏற்றி இறக்கி ஓட்டாமல், யார் வென்றார் என்று எழுதாதீர்கள்.

முதல் செல்களுக்கு இடையேயான தூரமும் முடிவை மாற்றும். வேகமாக வளர்வதற்கும் சிக்கனமாக வளர்வதற்கும் இடையே நடக்கும் போட்டியை ஆய்வாளர் க்ரெஃப்ட் 2004இல் சிமுலேட் செய்தார். சிக்கனக்காரர்கள் கொத்துக்கொத்தாகத் தங்கள் இனத்தோடு இருந்தால்தான் வேகக்காரர்களை வெல்ல முடிந்தது. எனவே ஒரே ரேண்டம் சீடில் (தற்செயல் எண்களின் தொடக்க மதிப்பு) ஓட்டி முடிவு சொல்வது சரியில்லை. குறைந்தது பத்தாவது வேண்டும், அவற்றின் முடிவுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதையும் காட்ட வேண்டும்.

இறந்த செல்களிலிருந்து கரையும் கரிமப் பொருளை விட்டுவிட்டால், கரிம உணவே இல்லாத நீரில் ஹெட்டிரோட்ராஃப் மாடலில் அழிந்துபோகும். நிஜப் படலத்தில் அவை நைட்ரிஃபையரின் மிச்சத்தைத் தின்று நிலைத்திருக்கின்றன.

கடைசியில் நிறைச் சமநிலை. படலத்துக்குள் நுழைந்த அமோனியா நைட்ரஜன், நைட்ரேட்டாக வெளியேறியதோடும் செல்களில் சேர்ந்ததோடும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் கூட்டிப் பாருங்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த ஓட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு சால்வரின் பிழை வரம்பை இறுக்குங்கள்.