சர்வீஸ் ரெக்கார்டு பக்காவா இருக்குன்னு சொன்னாங்க: பழைய கார் வாங்கிய அனுபவம்

பழைய கார் தேடும்போது எல்லோரும் முதலில் கேட்பது, "சர்வீஸ் ரெக்கார்டு இருக்கா?" நானும் அதைத்தான் கேட்டேன். "முழுசா இருக்கு" என்ற வண்டியைத்தான் கடைசியில் வாங்கவும் செய்தேன். ஆனால் அந்த "முழுசா"வுக்குள் இரண்டு பில் குறைந்தது. அந்த இரண்டுக்காக அலைந்த அலைச்சலை இன்னும் மறக்க முடியவில்லை. அலையாமல் விட்டிருந்தால் என்றைக்கு வேண்டுமானாலும் எஞ்சினைக் காவு வாங்கக்கூடிய கோளாறோடு வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்திருப்பேன்.

அதற்கு முன்னால் பார்த்த ஒரு வண்டியைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் புத்தகம் புத்தம் புதிதாக இருந்தது, எல்லாக் கட்டத்திலும் முத்திரை. ஆனால் பல வருடத்து முத்திரைகள், ஒரே மை, ஒரே கையெழுத்து, ஒரே அழுத்தம். பில் ஒன்றுகூட இல்லை. வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் பிழைக் குறியீடு எதுவும் வரவில்லை. ஆனால் வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ரெடினஸ் சோதனைகள் பாதிக்கு மேல் "முடியவில்லை" என்றே நின்றன. குறியீடுகளை அழித்துவிட்டால் அந்தச் சோதனைகள் முதலிலிருந்து ஓட வேண்டும். அதற்குக் கொஞ்ச தூரமாவது வண்டி ஓட வேண்டும். கேட்டதற்கு, "புது பேட்டரி மாத்தினோம் சார், அதான்" என்றார்கள். பேட்டரியைக் கழற்றினாலும் அப்படி ஆகும் என்பது உண்மைதான். பானெட்டைத் திறந்து பார்த்தால் பேட்டரி மேல் தூசி அப்பிக் கிடந்தது, அதில் அச்சடித்திருந்த தேதியும் பழையது. அத்தோடு கிளம்பிவிட்டேன். எந்த வண்டியாக இருந்தாலும் ஸ்கேனரில் "பிழை இல்லை" என்ற வரியோடு நிறுத்தாதீர்கள். ரெடினஸ் பக்கத்தையும், "குறியீடு அழித்த பிறகு ஓடிய தூரம்" என்ற வரியையும் சேர்த்துப் பாருங்கள்.

நான் வாங்கிய வண்டி ஏழு வருடம் ஆன பெட்ரோல் கார். ஒரே ஓனர், 68,000 கி.மீ. ஓடியிருந்தது. விற்றவர் வயதானவர், மரியாதையாகப் பேசினார். தடிமனான ஃபைல் ஒன்றை எடுத்து நீட்டி, "எல்லாம் இதுல இருக்கு தம்பி, ஒரு சர்வீஸ் விட்டதில்ல" என்றார். பார்த்தவுடன் பிடித்துப்போனது.

ஆனால் அன்றைக்கு வண்டியைச் சோதிக்க முடியவில்லை. நான் போவதற்குச் சற்று முன்புதான் அவர் வெளியே எடுத்துப் போய்விட்டு வந்திருந்தார். பானெட்டில் கை வைத்தால் சுட்டது. சூடான எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். ஸ்டார்ட் ஆகும் முதல் சில நொடிகளில்தான் டக டக சத்தமோ, எண்ணெய் எரியும் நீலப் புகையோ தெரியவரும். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் மூடியையும் சூட்டில் திறக்கக் கூடாது, கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். போன பயணம் வீண். அடுத்த முறை போகும்போது முந்தைய இரவே போன் போட்டு, "சார், நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணிடாதீங்க" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். இதை முதல் போனிலேயே சொல்லிவிடுவது நல்லது. காலையில் எஞ்சின் ஒரே சுழற்றலில் பிடித்தது. சத்தமில்லை, புகையில்லை.

கூலன்ட் டப்பாவைப் பார்த்தால் அளவு கீழ்க்கோட்டில் இருந்தது. அங்கேதான் எனக்கு உறுத்தல் ஆரம்பித்தது.

ஃபைலை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி கேட்டேன், கொடுத்தார். அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பில்களைத் தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் உள்ள கிலோமீட்டரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். வருடத்துக்குக் கிட்டத்தட்டப் பத்தாயிரம் என்று ஒழுங்காக ஏறியது, எங்கும் பின்னால் போகவில்லை. முதல் நான்கு வருடப் பில்களில் கூலன்ட் என்ற வார்த்தையே இல்லை. ஐந்தாம், ஆறாம் வருடங்களுக்குப் புத்தகத்தில் முத்திரை இருக்கிறது, பில் இல்லை. கடைசி வருடம் வேறொரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் செய்திருக்கிறார்கள். அந்தப் பில்லில் எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டருக்குக் கீழே "கூலன்ட் அரை லிட்டர்" என்று ஒரு வரி.

கூலன்ட் மூடிய சுற்றில் ஓடுவது. அது எஞ்சின் ஆயில் மாதிரி எரிந்து குறையாது. அரை லிட்டர் ஊற்றியிருக்கிறார்கள், அதன் பிறகும் அளவு கீழே நிற்கிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. ஒழுகலுக்கான பதில் அந்த இரண்டு வருடத்துப் பில்களில் இருக்கும் என்று தோன்றியது. அவரிடம் கேட்டேன். "எங்கயோ தவறிப்போச்சு தம்பி, முத்திரைதான் இருக்கே" என்றார்.

முத்திரை போதாது. வண்டி அன்றைக்கு உள்ளே வந்தது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. என்ன மாற்றினார்கள், என்ன மாற்றச் சொன்னார்கள் என்பது பில்லிலும், சர்வீஸ் சென்டர் வேலை விவரம் எழுதி வைக்கும் ஜாப் கார்டிலும்தான் இருக்கும்.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "வண்டி உங்க பேர்ல இல்லையே, தர முடியாது" என்றார். அது நியாயம்தான். அங்கிருந்தே ஓனருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பேசக்கூட இல்லை; "நேர்ல வரச் சொல்லுங்க" என்று முடித்துவிட்டார். ஓனரிடம் கையெழுத்துப் போட்ட கடிதம் வாங்கிக்கொண்டு போனேன். அப்போதும், "நேர்ல வரணும்னு சொன்னேனே சார்." கடைசியில் அந்தப் பெரியவரையே அழைத்துக்கொண்டு போய் நின்றேன். ஒரே ஒரு தாளை பிரிண்ட் எடுத்துத் தந்தார். தேதி, கிலோமீட்டர், "பீரியாடிக் சர்வீஸ்". அவ்வளவுதான், முத்திரையில் இருந்ததற்கு மேல் ஒரு எழுத்துகூட இல்லை. ஜாப் கார்டு கேட்டால், "பழசெல்லாம் சிஸ்டத்துல இருக்காது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பெரியவரை வெயிலில் இழுத்து வந்து இதற்கா நிற்க வைத்தேன்? உள்ளே போய் மேனேஜரைப் பார்த்து, இந்தத் தேதி, இந்த கிலோமீட்டர், ஓனர் கூடவே வந்திருக்கிறார், அட்வைசர் (சர்வீஸுக்கு வந்த வண்டியைப் பார்த்து வேலையைச் சொல்பவர்) குறிப்போடு ஜாப் கார்டு வேண்டும் என்று சொன்னேன். அவர் தட்டிய வேகத்தில் இரண்டும் பிரிண்டரில் வந்து விழுந்தன. சிஸ்டத்தில் இல்லை என்று சொன்ன அதே தாள்கள்! நீங்கள் போகும்போது "சர்வீஸ் ஹிஸ்டரி" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "அட்வைசர் குறிப்போடு ஜாப் கார்டு" என்று கேளுங்கள், முதல் முறையே ஓனரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஐந்தாம் வருடத் தாளில், அடியில், சின்ன எழுத்தில்: "வாட்டர் பம்ப் அருகில் லேசான கூலன்ட் கசிவு. கண்காணிக்கவும்." ஆறாம் வருடத் தாளில்: "வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட் கிட் மாற்றப் பரிந்துரை. வாடிக்கையாளர் பிறகு செய்வதாகக் கூறினார்."

பெரியவர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: சர்வீஸுக்கு விட்டது அவர் மகன். தேவையில்லாத வேலையைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று நினைத்து வேண்டாம் என்றிருக்கிறான், அப்பாவிடம் சொல்லவும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், இந்த வண்டியில் கூலன்ட்டை ஓட வைக்கும் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான், அதாவது வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் பல் வைத்த பெல்ட். பல எஞ்சின்களில் அப்படித்தான். பம்ப்பின் பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்துவிடும், அல்லது பல் தாண்டிவிடும். அப்படி ஆனால் திறந்து நிற்கிற வால்வை பிஸ்டன் வந்து இடிக்கும் வகை எஞ்சின் இது. ஓடிக்கொண்டிருக்கும்போதே வால்வு வளைந்து, எஞ்சினைப் பிரிக்கிற வேலையாகிவிடும். அதனால்தான் பம்ப்பையும் பெல்ட்டையும் ஒன்றாக மாற்றச் சொல்வார்கள். பம்ப்பைத் தொட வேண்டுமானால் பெல்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றினோம். அடித்தட்டைக் கழற்றிவிட்டு டார்ச்சைப் பிடித்தார். பெல்ட் கவரின் கீழ் விளிம்பில், வெளிறிய இளஞ்சிவப்பில் உப்புப் படிந்த மாதிரி ஒரு கோடு, விரல் நீளத்துக்கு இறங்கியிருந்தது. நகத்தால் சுரண்டினார், பொடியாக உதிர்ந்தது. "காஞ்ச கூலன்ட். சூட்டுல ஆவியாகிடும், அதான் தரையில சொட்டு தெரியாது" என்றார். மேல் கவரைத் திறந்து பெல்ட்டையும் காட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பார்வையை வைத்து பெல்ட்டுக்கு ஆயுள் சொல்ல முடியாது என்றார். மற்றபடி பெயின்ட், கதவு இடைவெளி, சஸ்பென்ஷன் எல்லாம் சுத்தம். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பார்த்ததில் சேற்றுக் கறை இல்லை, ஆக வெள்ளத்தில் நின்ற வண்டியும் இல்லை. ஸ்கேனரில் ரெடினஸ் எல்லாமே முடிந்திருந்தது.

பேரம் பேசும்போது பெரியவர், "பெல்ட்டு ஒரு லட்சம் கிலோமீட்டர் தாங்கும்னு போட்டிருக்கே தம்பி, இது 68,000தானே?" என்றார். வண்டியின் மேனுவலை எடுத்து அதே வரியை விரல் வைத்துக் காட்டினேன்: ஒரு லட்சம் கி.மீ. அல்லது ஆறு வருடம், எது முந்துகிறதோ அது. ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். குறைவாக ஓடிய வண்டி என்று சந்தோஷப்படுகிறவர்கள் கோட்டைவிடுவது இந்த வருடக் கணக்கைத்தான்.

விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கவரைத் திறந்த பிறகு உள்ளே இன்னும் என்னவெல்லாம் கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஆபத்தை நான் ஏன் சுமக்க வேண்டும்? என் மெக்கானிக்கிடமே வேலை நடக்கட்டும், செலவு உங்களுடையது, பெயர் மாற்றம் அதற்குப் பிறகு என்றேன். ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். கழற்றிய பழைய பம்ப்பை இருவரும் பார்த்தோம். தண்டைப் பிடித்து ஆட்டினால் ஆடியது. அதைப் பார்த்த பிறகு அவரே, "நல்ல வேளை தம்பி" என்றார். பில்லில் சேஸிஸ் நம்பரும் பாகங்களின் எண்ணும் வரும்படி எழுதி வாங்கினேன்.

இன்னொன்று. பில்களில் "பிரேக் ஆயில்: சோதித்தது" என்று வருடா வருடம் இருந்தது, மாற்றியதாக ஒரு வரி இல்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்துப் புது பிரேக் ஆயிலுக்குக் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்குத் தர நிர்ணயம் கேட்பதே 155தான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வரும்போது ஆயில் சூடேறிக் கொதித்தால் பிரேக் பிடிக்காமல் போகலாம், அதனால் இந்த வித்தியாசம் உயிர் விஷயம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான கணக்கு. இதை என் செலவிலேயே மாற்றிக்கொண்டேன். டயர் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-இன் 23ஆம் வாரம் செய்த டயர். என் வண்டியில் முன் டயர் இரண்டும் வண்டியோடு வந்தவை, விளிம்பு வெடிக்க ஆரம்பித்திருந்தது. அதற்கு மட்டும் விலையில் கழித்துக்கொண்டேன்.

பெயர் மாற்றம் சிக்கலில்லாமல் முடிந்தது. முடிந்த கையோடு சேஸிஸ் நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, நிலுவையில் ரீகால் (தயாரிப்புக் குறையைச் சரிசெய்ய வண்டியைத் திரும்ப அழைப்பது) ஏதும் இல்லை என்று உறுதி செய்தேன். பிறகு சர்வீஸ் சென்டருக்குப் போய் வண்டியின் கணக்கில் என் பெயரையும் போன் நம்பரையும் ஏற்றச் சொன்னேன். இதைத் தள்ளிப்போடாதீர்கள். அங்கே பழைய நம்பரே இருந்தால், நாளைக்கு ஏர்பேக் ரீகால் வந்தாலும் அந்தச் செய்தி வண்டியை விற்றவருக்குப் போய்விடும்.