சுவீடனில் ஒரு நீரியல் பேராசிரியர் பணியிடம்

சுவீடனில் நீரியல், நீர்வளத் துறைப் பேராசிரியராகச் சேர்ந்த பிறகு, ஊரிலிருந்து தொலைபேசியில் பேசுபவர்கள் பெரும்பாலும் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். குளிருக்குத் தடித்த மேலங்கி போதும். எனக்குப் பழக நாள் பிடித்தது, இங்கே ஒரு பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும் முறைதான். இத்தகைய பணிக்கு விண்ணப்பிக்க எண்ணும் நம்மவர்களுக்காக அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை சட்டப்படி அரசு அமைப்புகள். அரசிடம் உள்ள ஆவணத்தை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம் என்னும் உரிமையைச் சுவீடன் 1766-ஆம் ஆண்டிலேயே சட்டமாக்கிவிட்டது. (தமிழ்நாடு தகவல் உரிமைக்கென 1997-இல் சட்டம் இயற்றியது, இந்திய அளவில் அது 2005-இல் வந்தது.) அதனால் என் விண்ணப்பமும், உடன் போட்டியிட்டவர்களின் விண்ணப்பங்களும், எங்கள் எல்லோரையும் பற்றி வெளிவல்லுநர்கள் எழுதிய மதிப்பீடுகளும் கேட்டவர்க்குக் கிடைக்கும். கேட்டேன், மின்னஞ்சலில் வந்தன. ஏரித்தொடர்களின் நீர்ச்சமநிலை குறித்த என் ஆய்வுகளை ஒரு வல்லுநர் மனம்திறந்து பாராட்டியிருந்தார். அடுத்த பத்தியிலேயே, பனி உருகி ஆறுகள் பெருகும் நாட்டுக்கு, பனியைப் பற்றி ஒரு கட்டுரைகூட எழுதாதவரைப் பரிந்துரைக்கலாமா என்றும் கேட்டிருந்தார். படித்தபோது முகம் சுண்டியது உண்மை. ஆனாலும், ஊரில் நேர்முகத் தேர்வுகளுக்குப் போய்வந்து, வேலை ஏன் கிடைக்கவில்லை என்பதைத் தாழ்வாரப் பேச்சிலிருந்து ஊகித்துக்கொண்டிருந்தவனுக்கு, காரணத்தை எழுதியவர் பெயரோடு எழுத்தில் பார்ப்பது பெரிய நிம்மதியாக இருந்தது.

வல்லுநர்களை அமர்த்துவதே ஒரு தனி வேலை. விண்ணப்பதாரருடன் அண்மையில் சேர்ந்து கட்டுரை எழுதியவர், அவருக்கு ஆய்வு வழிகாட்டியவர், நெருங்கிய நட்போ பகையோ உள்ளவர் எவரும் கூடாது. ஒருவருக்கு மேற்பட்ட வல்லுநர்கள் இருந்தால் ஆண், பெண் இருபாலரும் இடம்பெற வேண்டும். நீரியலோ சிறிய உலகம். பன்னாட்டு ஆய்வுக் கட்டுரை ஒன்றில் பத்து நாட்டவர் பெயர் சேர்ந்து நிற்கும் காலத்தில், எவருடனும் ஒட்டுறவு இல்லாதவரைத் தேடுவதற்குள் மாதங்கள் கழிந்துவிடுகின்றன. விளம்பரம் வந்ததிலிருந்து பணியில் சேர்வதற்கு ஓராண்டுக்கு மேல் ஆனாலும் வியக்க வேண்டாம்.

ஆராய்ச்சித் திறனை ஆராயும் அதே கவனத்தோடு கற்பித்தல் திறனையும் ஆராய வேண்டும் என்று உயர்கல்வி விதிகள் சொல்கின்றன. நம் ஊர்த் தன்விவரக் குறிப்பில் எத்தனை ஆண்டு, எந்தெந்தப் பாடம், எத்தனை முனைவர் பட்ட மாணவர்கள் என்று எழுதினால் முடிந்தது. இங்கே, அந்தப் பாடத்தை ஏன் அப்படி நடத்தினீர்கள், மாணவருக்குப் புரியவில்லை என்று தெரிந்தபின் எதை மாற்றினீர்கள் என்று பக்கம் பக்கமாக எழுதச் சொல்கிறார்கள். விண்ணப்பத்தில் என்னை அதிகம் உழைக்கவைத்த பகுதி இதுதான்.

மாதிரி விரிவுரைக்கு நிலத்தடி நீர்ச் செறிவூட்டலை எடுத்துக்கொண்டேன். உப்சாலா நகரம் ஃபீரிஸ் ஆற்று நீரை, பனியூழிக் காலம் விட்டுச்சென்ற நீண்ட மணல், சரளை மேட்டில் ஊடுருவவிட்டு, அடியில் சேர்வதைக் குடிநீராக எடுக்கிறது. காஞ்சிபுரம் போன்ற ஊர்களுக்குப் பாலாற்று மணலுக்குள் அமைத்த கிணறுகள் குடிநீர் தந்திருக்கின்றன. மணலை அள்ளிவிட்டால் இரண்டிடத்திலும் வடிகட்டியும் போயிற்று, தொட்டியும் போயிற்று என்று நான் சொன்னதும் கேள்விகள் எழுந்தன. சுவீடன் 1996 முதல் இயற்கைச் சரளைக்கு வரி விதிக்கிறது. அப்படி ஒரு வரி பாலாற்றைக் காப்பாற்றியிருக்குமா என்று தேர்வுக் குழுவில் இருந்த மாணவப் பிரதிநிதி கேட்டார். கணக்கில் வராமல் இரவில் போகும் லாரிக்கு வரி எப்படி விதிப்பது என்று நான் திருப்பிக் கேட்டேன். பனியைப் பற்றிய கேள்வியும் எதிர்பார்த்தபடியே வந்தது. இந்நாட்டு வானிலை, நீரியல் நிறுவனத்தில் 1970-களில் உருவாகி உலகெங்கும் பயன்படும் எச்பிவி என்னும் ஆற்று நீரோட்டக் கணிப்பு மாதிரியில், வெப்பநிலை ஒரு வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் நாளொன்றுக்கு இத்தனை மில்லிமீட்டர் பனி உருகும் என்பதுதான் அடிப்படைக் கணக்கு. அதைக் கற்றுக்கொள்ள முடியும் என்றும், கடைமடைக்காரரும் தலைமடைக்காரரும் ஒத்துக்கொண்டு மதகைத் திறக்கும் கணக்கு அதைவிடக் கடினமானது என்றும் சொன்னேன். இன்றும் என் கருத்து அதுவே.

நியமன முடிவை எடுப்பவர் துணைவேந்தர். அது அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று வாரங்களுக்குள், கிடைக்காத எவரும் உயர்கல்விக்கான மேல்முறையீட்டு வாரியத்தை நாடலாம். தெரிவானதும் ஊரில் பணிவிலகல் கடிதம் கொடுத்துவிடத் தோன்றும். அந்தக் கெடு முடிந்து, ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை பொறுத்திருப்பது நல்லது.

ஊதியம் அடுத்த அதிர்ச்சி. இந்தியாவில் ஏழாம் ஊதியக் குழுவின்படி பேராசிரியரின் அடிப்படைச் சம்பளம் 1,44,200 ரூபாயில் தொடங்கும். பேரம் பேச அதில் ஒன்றுமில்லை. இங்கே ஒவ்வொருவரும் தமக்கான தொகையைத் தாமே பேசி முடிவுசெய்ய வேண்டும். சம்பளத்தை வாய்விட்டுக் கேட்பது பண்பல்ல என்று வளர்ந்தவர்களுக்கு இது நெருடும். அரசு ஊழியரின் சம்பளமும் பொது ஆவணம் என்பதால், அதே துறையில் மற்றவர்கள் வாங்குவதை முன்கூட்டியே கேட்டறிந்துகொண்டு பேசுவது முறை. தொழிற்சங்கமும் ஆலோசனை சொல்லும்.

பல விளம்பரங்களில் இரண்டாண்டுக்குள் சுவீடிஷ் மொழியில் பாடம் நடத்த வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். அதை ஒப்புக்கு எழுதியதாகக் கருதிவிடக் கூடாது. ஆய்வுக்கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடந்தாலும், பாடத்திட்டமும் நிதியும் பணியாளர் நலனும் பேசப்படும் இடத்தில் சுவீடிஷ் தெரியாத பேராசிரியர் விருந்தாளியாகவே இருப்பார்.

அண்மையில் வேறொரு பல்கலைக்கழகம் என்னை வெளிவல்லுநராக அழைத்தது. நான் எழுதும் மதிப்பீட்டை, அதில் மதிப்பிடப்படுபவரே ஒரு நாள் வரிவரியாகப் படிப்பார் என்று தெரிந்திருப்பதால், "தகுதியற்றவர்" என்ற சொல்லை அவ்வளவு எளிதில் எழுத முடிவதில்லை. எந்தக் கட்டுரையில், எந்த முடிவு, எதனால் போதவில்லை என்று காட்டியாக வேண்டியிருக்கிறது.