குழம்பினேனா, குழப்பினேனா?

மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல் நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். தப்பாகக் குறித்தால் ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் போய்விடும். பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகளில் ஒரே சொல்லிடம் நான் திரும்பத் திரும்பத் தோற்றேன். கன்ஃப்யூஸ்.

ஒரு மாதிரித் தேர்வில் வந்த வாக்கியம்: ‘தி ஸ்டூடென்ட்ஸ் வேர் கன்ஃப்யூஸிங் அபௌட் தி நியூ ரூல்ஸ்.’ பிழை இல்லை என்று குறித்தேன். ‘எனக்கு ஒரே கன்ஃப்யூஸிங்கா இருக்கு’ என்று நாள் முழுக்கப் பேசுகிற காதுக்கு அதில் தவறு எப்படிப் படும்?

எங்கே ‘எட்’, எங்கே ‘இங்’ வரும் என்று சொல்லும் பார்ட்டிசிபிள் விதியை மனப்பாடம் செய்து பார்த்தேன், நிற்கவில்லை. கடைசியில் கை கொடுத்தது பள்ளியில் படித்த தன்வினை, பிறவினைதான். மாணவர்கள் குழம்பினார்கள், விதிகள் அவர்களைக் குழப்பின. குழம்புகிறவர் கன்ஃப்யூஸ்ட், குழப்புவது கன்ஃப்யூஸிங். அவ்வளவுதான்! அன்றிலிருந்து இந்தச் சொல்லைப் பார்த்ததும் ரஃப் தாளில் ‘ம்பு’ அல்லது ‘ப்பு’ என்று எழுதிவிட்டுத்தான் விடையைத் தொடுவேன். பஸில்ட், பஸிலிங், பெர்ப்ளெக்ஸ்ட், பெர்ப்ளெக்ஸிங் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

அப்புறம், இந்தச் சொல்லோடு ‘வித்’ சேர்ந்தால் பொருள் கொஞ்சம் நகரும். ‘கன்ஃப்யூஸ் அஃபெக்ட் வித் எஃபெக்ட்’ என்றால் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வது. அந்த இடத்தில் ‘அபௌட்’ வந்தால் பிழை அதுதான்.

ஒருபொருட் சொற்களுக்கு வேர் தெரிந்தால் போதும், பட்டியல் வேண்டாம். கன்ஃப்யூஸின் லத்தீன் வேருக்கு ‘ஒன்றாகச் சேர்த்து ஊற்றுதல்’ என்று பொருள். சாம்பாரும் ரசமும் ஒரே பாத்திரத்தில் விழுந்த மாதிரி, எது எது என்று பிரிக்க முடியாத நிலை. பெர்ப்ளெக்ஸின் வேர் பின்னலைக் குறிக்கும், நம் ‘சிக்கல்’ போல. பிவில்டரில் ‘வைல்ட்’ ஒளிந்திருக்கிறது. காட்டில் திக்குத் தெரியாமல் நிற்பவனை நினைத்துக்கொள்ளுங்கள்.

பத்தி வாசிப்பில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். தீ விபத்தையோ நெரிசலையோ சொல்லிவிட்டு ‘இன் தி கன்ஃப்யூஷன்’ என்று வந்தால் யாருடைய மனக்குழப்பத்தையும் தேடாதீர்கள். அங்கே அதற்கு அமளி, களேபரம் என்று பொருள். விடைகளில் ‘டவுட்’, ‘கேயாஸ்’ இரண்டும் இருந்தால் கேயாஸைத் தொடுங்கள்.