ஊட்னடாட்டா தடத்தில் தனியாக ஒரு சைக்கிள்: இதுவரை

தெற்கு ஆஸ்திரேலியாவில் மாரீயில் தொடங்கி மார்லாவில் முடிகிறது ஊட்னடாட்டா தடம். ஏறக்குறைய 620 கிலோமீட்டர். மண்ணும் சரளையும்தான், தார் கிடையாது. வழியிலுள்ள ஊட்னடாட்டா ஊர் வரை வந்து சேர்ந்துவிட்டேன். இன்னும் 210 கிலோமீட்டர் பாக்கி. முழங்கால் முனகினாலும் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

இது ஜூலை மாதம், இங்கே குளிர்காலம். கோடையில் இங்கே சைக்கிளை எடுக்க நினைப்பதே பைத்தியக்காரத்தனம். 1960 ஜனவரி 2 அன்று இந்த ஊரில் 50.7 டிகிரி பதிவாகியிருக்கிறது. இப்போது பகல் இதமாக இருக்கிறது. இரவில் கம்பளித் தொப்பி இல்லாமல் தூக்கம் வராது.

மாரீயிலிருந்து வில்லியம் க்ரீக் சுமார் 200 கிலோமீட்டர், அங்கிருந்து ஊட்னடாட்டா இன்னொரு 200. நடுவில் கடை என்று ஒன்றும் இல்லை. ஆகவே 12 லிட்டர் தண்ணீரோடு கிளம்பினேன். அத்தனையையும் பின் கேரியரில் ஏற்றினால் முன்சக்கரம் மணலில் நிலைகொள்ளாது. பாதியை முன் ஃபோர்க்கின் இருபுறமும் கட்டியதும் வண்டி அடங்கிவிட்டது. கேரவனில் வரும் முதியவர்கள் வண்டியை நிறுத்தி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார்கள். நான் ஒருபோதும் வேண்டாம் என்பதில்லை.

ஆளில்லாத இந்த வெளியில் தடம் ஏன் இப்படி வளைந்து போகிறது என்பது ஊற்றுகளைப் பார்த்தபோது புரிந்தது. வாப்மா கடார்பு பூங்காவில் 'பப்ளர்' என்ற ஊற்று, வறண்ட மேட்டின் உச்சியில் மணலைப் புரட்டிக்கொண்டு குமிழியிடுகிறது. பெரும் ஆர்ட்டீசியன் படுகை என்ற நிலத்தடி நீர்த்தேக்கத்தின் நீர் அது. மிக நெடுங்காலம் ஊர்ந்து வந்து இங்கே தலைகாட்டுகிறது. இம்மண்ணின் பழங்குடிகளான அரபானா மக்கள் இந்த ஊற்றுகளை அறிந்து வாழ்ந்தவர்கள்; காவிமண் வணிகம் நடந்ததும் இவ்வழியில்தான். 1859இல் நிலத்தை ஆராயக் கிளம்பிய ஜான் மெக்டூவல் ஸ்டுவர்ட் ஊற்றுகளைப் பற்றிக்கொண்டு வடக்கே நகர்ந்தார். அதே வரிசையில் 1872இல் தந்திக் கம்பி வந்தது. பிறகு, கொதிகலனுக்கு நீர் தேடிய நீராவி ரயிலும் வந்தது. 'கான்' என்ற அந்த ரயிலின் பழைய பாதை 1980இல் மூடப்பட்டது. கைவிட்ட நிலையங்களின் சுவர் மறைவில்தான் எனக்கு மதிய உணவு. கவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாமில், ஆழ்துளைக் கிணற்று நீர் நிறைந்த தொட்டியில் கழுத்தளவு இறங்கி உட்கார்ந்தேன். புழுதி போனதோ இல்லையோ, முதுகுவலி போனது.

வில்லியம் க்ரீக் தாண்டியதும் உண்மையான தொல்லை ஆரம்பித்தது. வாகனங்கள் ஓடி ஓடித் தரை முழுக்க வரிவரியாகப் புடைத்திருக்கிறது. தாளம் தப்பிய தவில்போல வண்டி முழுக்கச் சத்தம். டயரில் காற்றைக் குறைத்தேன். தடத்தின் ஓரத்தில், புடைப்பு மழுங்கிய ஒரு முழ அகலத்தைத் தேடித் தேடி மிதித்தேன். அதிர்வில் கேரியர் திருகுகள் தளர்கின்றன. மாலைதோறும் கூடாரம் அடிப்பதற்கு முன்பே அவற்றை முடுக்கிவிடுவேன். ஈக்களுக்கு முகவலை ஒன்றே மருந்து. தென்கிழக்குக் காற்று பெரும்பாலும் முதுகில் இருந்ததால் ஒப்பேற்றினேன். இதே வழியை எதிர்த்திசையில் வருபவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

ஊட்னடாட்டாவுக்குக் கொஞ்சம் முன்னால் நீல்ஸ் ஆற்றின் மேல் ஆல்ஜிபக்கினா பாலம். 1892இல் முடிந்த இரும்புப் பாலம், 578 மீட்டர் நீளம். ஆற்றில் அங்கங்கே குட்டைகள்தான். அவ்வளவு பெரிய பாலம் எதற்கு என்று கேட்பவர், கரையில் வெள்ளம் கொண்டுவந்து செருகிய மரக்கட்டைகளைப் பார்த்தால் போதும்.

இனி மார்லா. பழைய ரயில் பாதை இங்கிருந்து வடக்கே பிரிந்துவிடுகிறது. என் வழி மேற்கே. நிலையங்களின் சுவர் நிழல் இனி இல்லை என்பதால் 14 லிட்டர் எடுத்துச் செல்கிறேன். மழை வரலாம் என்று பேச்சு. நனைந்தால் இந்தக் களிமண் மட்கார்டுக்குள் அடைத்துச் சக்கரத்தை நிறுத்திவிடும். இரண்டு மட்கார்டுகளையும் கழற்றிப் பையின் மேல் கட்டியாகிவிட்டது.