மேலே இருப்பவன் கட்ட வேண்டிய கயிறு

ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலைச் சுற்றியுள்ள பொட்டல் நிலங்களிலும் காற்றாலைப் பராமரிப்பு வேலையில் பல ஆண்டுகளைக் கழித்திருக்கிறேன். உயரத்தில் வேலை செய்பவன், விழுந்தால் தாங்கும் உடற்பட்டையான ஹார்னஸ் அணிந்திருக்கிறானா என்று பார்க்க அங்கே எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். அவன் கையில் இருக்கும் ஸ்பேனர் எதிலாவது கட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்பவர் அபூர்வம். இதை வெறும் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. ஹார்னஸ் அணிந்தவனையே காப்பாற்றுவதால் அதன் அருமை அவனுக்குத் தெரிகிறது. கருவியில் கட்டும் லேன்யார்டு என்ற கயிறோ, கட்டுபவனுக்கு இடைஞ்சலை மட்டும் தந்துவிட்டு, பயனையெல்லாம் கீழே நிற்கும் வேறொருவனுக்குக் கொடுக்கிறது.

அந்த வேறொருவன் எங்கே நிற்கிறான் என்பதையும் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மே மாதம் வேகம் பிடித்துவிட்டால் செப்டம்பர் வரை காத்தாடியை நிறுத்த யாருக்கும் மனம் வராது என்பதால், போல்ட்டுகளை முடுக்குவது, கிரீஸ் அடிப்பது போன்ற பெரிய வேலைகளைப் பிப்ரவரி, மார்ச் வெயிலிலேயே முடித்தாக வேண்டும். மரமே இல்லாத அந்த நிலத்தில் நிழல் என்று இருப்பது கோபுரத்தின் நிழல் ஒன்றுதான். கீழே உதவிக்கு நிற்பவர் அதில்தான் உட்காருவார்; நிழல் நகர நகர அவரும் நகருவார்; உச்சிவேளை நெருங்கி நிழல் கோபுரத்தடியை நோக்கிச் சுருங்கும்போது, மேலிருந்து எது விழுந்தாலும் வந்து சேரக்கூடிய இடத்திலேயே துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார். சிவப்பு வெள்ளை நாடாவைச் சுற்றிக் கட்டி உள்ளே வரக்கூடாது என்று எழுதி வைத்தாலும் வெயிலுக்கு முன்னால் அது நிற்காது. பின்னாளில் என் பொறுப்பில் வேலை வந்தபோது நான் முதலில் செய்தது, கோபுரத்திலிருந்து நன்றாகத் தள்ளி ஒரு தார்ப்பாய்ப் பந்தல் போட்டுத் தண்ணீர்க் கேனை அங்கே கொண்டுபோய் வைத்ததுதான்.

அதற்குக் காரணமான சம்பவம், நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நடந்தது. 75 மீட்டர் உயரத்தில், கோபுர உச்சியில் இயந்திரங்கள் இருக்கும் அறையான நேசலின் பின்புறம், சாமான்களை ஏற்றி இறக்கும் திறப்பு திறந்திருந்த நேரத்தில், கிரீஸ் படிந்த கையுறையிலிருந்து 24ஆம் நம்பர் ரிங் ஸ்பேனர் நழுவியது. தரைத்தட்டில் விழுந்து, ஒருமுறை புரண்டு, திறப்பின் விளிம்பில் ஒரு கணம் தயங்கியது போல் நின்று, நான் எட்டுவதற்குள் போய்விட்டது. கத்தினேன். அந்த உயரத்தை ஒரு பொருள் ஏறக்குறைய 4 விநாடியில் கடந்துவிடும், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 135 கிலோமீட்டர் அளவில் இருக்கும் என்பதையெல்லாம் பிறகு கணக்குப் போட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் குரல் கீழே இருந்த உதவியாளர் காதில் விழுந்திருந்தாலும் நிமிர்ந்து பார்க்க மட்டுமே அவருக்கு நேரம் இருந்திருக்கும். அந்த நேரத்தில் செய்யவே கூடாத காரியம் நிமிர்ந்து பார்ப்பதுதான். ஸ்பேனர் அவருக்கு இரண்டு முழம் தள்ளிச் சரளையில் தலை புதைந்து நின்றது. அவர் அதைப் பிடுங்கி, துண்டால் துடைத்து, பையில் போட்டு, எதுவும் சொல்லாமல் மேலே அனுப்பிவைத்தார். அன்று எங்கள் குழுவிடம் லேன்யார்டு ஒன்றுகூட இல்லை. கேட்டு வாங்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றியதில்லை.

அவர் தலையில் ஹெல்மெட் இருந்ததே என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 397இன்படி, ஹெல்மெட்டின் மேல் 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுச் சோதிக்கிறார்கள். எங்கள் ஸ்பேனரின் எடை 400 கிராம் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டரை மீட்டரிலிருந்து விழும்போதே அது அந்தச் சோதனை அடிக்குச் சமமாகிவிடுகிறது; 75 மீட்டரில் அது ஆறு மடங்கு. விழுகிற பொருள் நேர்க்கோட்டில்தான் வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2014 நவம்பரில் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில், உயரமான கட்டடம் ஒன்றின் ஐம்பதாம் மாடியளவு உயரத்திலிருந்து ஒரு தொழிலாளியின் இடுப்பிலிருந்த அளவுநாடா கழன்று விழுந்து, வழியில் எதிலோ பட்டுத் திசைமாறி, கீழே சரக்கு கொண்டுவந்திருந்த ஒருவரின் தலையில் பட்டு அவர் இறந்துபோனார். அரைக் கிலோ கூட இல்லாத அளவுநாடா அது.

அமெரிக்காவில் 2018இல் வெளிவந்த ஏஎன்எஸ்ஐ 121 என்னும் தரம், கருவி விழாமல் காக்கும் ஏற்பாட்டை நான்காகப் பிரிக்கிறது: கயிற்றின் மேல்முனையை மாட்டும் இடம், கருவியில் மாட்டும் இடம், இரண்டையும் இணைக்கும் கயிறு, கருவிகளைச் சுமக்கும் பை. வாங்கப் போகும்போது எல்லோரும் கயிற்றைத்தான் இழுத்துப் பார்க்கிறார்கள். நான் பார்த்தவரையில் கயிறு அறுந்தது மிகக் குறைவு, கருவியில் மாட்டிய இடம் நழுவியதுதான் அதிகம். ரிங் ஸ்பேனருக்கு வளையம் இருக்கிறது, கயிற்றை அதற்குள் நுழைத்துச் சுருக்கிவிடலாம். சுத்தியலுக்கும் திருப்புளிக்கும் பிடியில் ஒன்றும் கிடையாது. அதற்காகக் கருவியில் துளை போட்டால் கருவி பலவீனப்படும். எங்கள் ஆட்கள் கட்டுக்கம்பியைச் சுற்றி மேலே இன்சுலேஷன் டேப் ஒட்டுவார்கள். நம் ஊர் வெயிலில் அந்தப் பசை பத்து நாளில் இளகி வழிந்து, கம்பியோடு சேர்ந்து உருவிக்கொண்டு வந்துவிடும். தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் நாடாவை, சிறு வளையம் கோத்த பட்டையின் மேல் இழுத்திழுத்துச் சுற்றும் முறைதான் எங்களுக்கு நிலைத்தது.

பிடியைக் கட்டிவிட்டால் கருவியைக் கட்டியதாக நினைப்பது அடுத்த தவறு. போல்ட்டை முடுக்கும் ராட்செட்டின் கைப்பிடியில் லேன்யார்டு இருக்கும், போல்ட்டின் தலையைக் கவ்வ அதன் முனையில் செருகிய சாக்கெட் தனியாகக் கழன்று விழும். 1980 செப்டம்பர் 18 அன்று, அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் டமாஸ்கஸ் என்ற ஊருக்கருகே, டைட்டன் 2 ஏவுகணை நின்ற நிலத்தடிக் கிடங்கில் நடந்தது இதுதான். வேலை செய்துகொண்டிருந்த விமானப்படை வீரரின் ராட்செட்டிலிருந்து சுமார் மூன்றரைக் கிலோ எடையுள்ள சாக்கெட் கழன்று, இருபது மீட்டருக்கு மேல் விழுந்து, துள்ளி, ஏவுகணையின் எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. மறுநாள் அதிகாலையில் ஏவுகணை வெடித்து ஒருவர் இறந்தார். அதன் தலையில் இருந்த அணுகுண்டு நல்லவேளையாக வெடிக்கவில்லை. புதிதாக வரும் பையன்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான், சாக்கெட்டைப் பின் போட்டுப் பூட்டும் ராட்செட்டைக் கையில் கொடுப்பேன். பேட்டரியில் ஓடும் துளைப்பான்களுக்கும் இதே கதைதான்: உடலுக்கு ஒரு கயிறு, கழற்றும் பேட்டரிக்கு இன்னொன்று.

மேல்முனையை எங்கே மாட்டுவது என்பதில் தகராறு நிறைய வரும். ஆள் விழுந்தால் தாங்குவதற்கென்று ஹார்னஸில் உள்ள வளையத்தில் கருவியை மாட்டக்கூடாது. அதற்கென்று தனிக் கொக்கிகள் உண்டு. இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட கருவியை உடம்பில் மாட்டாமல் கட்டமைப்பில் மாட்டிவிடுவது எங்கள் வழக்கம், ஏனென்றால் சம்மட்டி நழுவித் தொங்கும் இழுப்பில் ஏணியில் நிற்பவனே நிலைகுலைந்துவிடுவான். கயிறு நீளமாக இருந்தால் கருவி ஊசலாடி வந்து முழங்காலை அடிக்கும். ஒருமுறை விழுந்த கருவியைத் தாங்கிய லேன்யார்டைத் திரும்பப் பயன்படுத்தக்கூடாது; அதைப் பையில் போட்டு வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்பதால் அங்கேயே கத்தியால் வெட்டிவிடுகிறேன். ஒரு லேன்யார்டின் விலைக்கு அலுவலகத்தில் என்னோடு சண்டை போட்டவர்களும் உண்டு.

கோபுரத்துக்குள் ஏணி ஏறும்போது, கருவிப்பை வைத்திருப்பவன் கடைசியாக ஏறி முதலாவதாக இறங்குகிறான், அவனுக்குக் கீழே யாரும் இருக்கக்கூடாது என்பதற்காக. ஒவ்வொரு தட்டைத் தாண்டியதும் அதன் கதவை மூடிவிடுகிறோம். ஏறும்போதும் இறங்கிய பிறகும் கருவிகளை எண்ணுகிறோம்.

இத்தனைக்குப் பிறகும் சென்ற பருவத்தில் ஒரு பொருள் விழுந்தது, அது கருவியே அல்ல. முடுக்கிய போல்ட்டுகளைப் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்று விதி வந்ததிலிருந்து எல்லோரும் சட்டைப்பையில் கைபேசியோடு ஏறுகிறார்கள். ஒரு தம்பி குனிந்தபோது அவன் கைபேசி பையிலிருந்து சரிந்து திறப்பின் வழியாகப் போய்விட்டது. பந்தலில் இருந்தவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே அது விழுவதைப் பார்த்ததாகச் சொன்னார். மறுவாரமே கைபேசி உறைக்கும் போல்ட்டில் குறி போடும் மார்க்கருக்கும் ஆளுக்கொரு சிறு லேன்யார்டு வாங்கிக் கொடுத்தோம்.