நான்கு விரல்களும் ஒரே நீளம்

மூன்றாவது மரக்கட்டையில்தான் வலது கை உடையாமல் வந்திருக்கிறது. 14 அங்குலப் புத்தர் சிலை, பர்மாவின் மண்டலே பாணி, வலது கை பூமியைத் தொடும் நிலந்தொடு முத்திரை. முந்தைய இரண்டும் ஒரே இடத்தில் போயின: மோதிர விரல்.

மண்டலே பாணியில் கட்டைவிரல் நீங்கலாக நான்கு விரல்களும் ஒரே நீளம். நீண்ட விரல்கள் புத்தருக்குச் சொல்லப்படும் மகாபுருட இலட்சணங்கள் 32-இல் ஒன்று. இங்குள்ள சிற்பிகள் சுண்டுவிரலுக்கும் அதில் குறை வைப்பதில்லை. செதுக்குகிறவனுக்கு அங்கேதான் கஷ்டம். முழங்காலின் மேல் நான்கு மெல்லிய கோடுகளாக விரல்கள் இறங்க வேண்டும். முதல் இரண்டிலும் முக்கோண உளியை மேலிருந்து தள்ளினேன். மரத்தின் ரேகை இம்மியளவு சாய்ந்திருந்தாலும் பிளவு பக்கத்து விரலுக்குள் ஓடிவிடுகிறது.

இம்முறை உளியைத் தொடவே இல்லை. முதலில் விரல் நுனிகளுக்குக் கீழே குறுக்கே ஒரு வெட்டு. பிளவு ஓடினாலும் அங்கே நின்றுவிடும். பிறகு உடைந்த ஆக்சா பிளேடால் விரல் இடுக்குகளை என் பக்கமாக இழுத்து இழுத்து அறுத்தேன். கடைசியில் கத்தி முனை, நுனியிலிருந்து மேல்நோக்கி. விரலுக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. தலைமுடி போன்ற சீவல்கள் சுருண்டு விழுந்தபோது மூச்சு விடக்கூட பயம்.

நடுவிரல் நுனி பீடத்தில் படிந்தே ஆக வேண்டும். இந்த இருக்கைக்கு உனக்குச் சாட்சி யார் என்று, தியானத்தைக் கலைக்க வந்த மாரன் கேட்டபோது பூமியை அழைத்த விரல் அல்லவா? ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தாலும் அந்தச் சாட்சி பொய்த்துவிடும். மடியில் மலர்ந்திருக்கும் இடது கையோ அப்போதும் தியானத்திலிருந்து அசையவில்லை. அந்த அமைதியை உள்ளங்கையில் கொண்டுவர எனக்கு இன்னும் கை பழக வேண்டும்.

மரம் யமனே, நம் ஊர்க் குமிழ மரமேதான். உளிக்கு இதமானது. முதல் கட்டையை ஈரத்தோடு விற்ற இரங்கூன் மரக்கடைக்காரரிடம் இனிப் போக மாட்டேன். உலர்ந்தது என்று சத்தியம் செய்தார், இரண்டே மாதத்தில் முழங்காலிலும் வெடித்தது. தங்க ரேக்கு மண்டலேயிலிருந்து வரவேண்டும். அதற்கு முன் பூசும் தித்சி என்ற மரப்பால் அரக்கு ஈரக்காற்றில்தான் இறுகும் என்பதால் மழைக்காலத்துக்காகக் காத்திருக்கிறேன்.

காது மடல் தோளை நோக்கி இறங்க வேண்டும். அந்த வேலையை இன்னும் தொடங்கவே இல்லை. ஆனால் மனம் அடுத்த சிலைக்குப் போய்விட்டது. 1856 முதல் நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளின் உச்சியில் சுடர் எரியும். மண்டலே புத்தருக்கு அங்கே வெறும் கொண்டைதான். அந்தச் சோழநாட்டுச் சுடரைப் பர்மாத் தேக்கில் செதுக்கிப் பார்க்க ஒரு கட்டையைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன்.