நாற்றத்தை எழுதாதீர்கள், மீட்டரைக் கேளுங்கள்

எங்கள் ஊர் ஆரம்பாக்கம் பக்கம், கொஞ்ச தூரம் நடந்தால் ஆந்திரா. பக்கத்து ஆலையின் கழிவுநீரால் ஓடையில் நுரை வர ஆரம்பித்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. போர் தண்ணீர் பிடித்த எவர்சில்வர் குடத்தின் அடியில் உப்பு கெட்டியாகப் படியும், புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது.

திங்கட்கிழமை மனு நாளில் ஐந்து மனு கொடுத்தேன், ஐந்திலும் "நாற்றம் தாங்கவில்லை" என்றுதான் எழுதினேன். ஆய்வு செய்தோம், ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பதில். பகலில் வந்தால் இயங்கத்தானே செய்யும்? நானே பாட்டிலில் பிடித்து லேபில் கொடுத்த ரிப்போர்ட்டும் செல்லவில்லை. 1974 தண்ணீர்ச் சட்டப்படி வாரிய ஆளே ஆலைக்காரருக்கு அங்கேயே நோட்டீஸ் கொடுத்து, சீல் வைத்து எடுத்த மாதிரிதான் வழக்கில் நிற்குமாம்.

அப்புறம்தான் ரிட்டயர்டு ஃபிட்டர் அண்ணன் ஒருவர் சொன்னார்: "தம்பி, கழிவுநீர வடிகட்டுற ஆர்.ஓ.வும், மிச்சத்தக் காய்ச்சி வத்த வைக்கிற எவாப்பரேட்டரும் கரண்ட்டும் ஸ்டீமுமா தின்னும். நிறுத்துனா தினமும் மிச்சம். அபராதம் என்னைக்கோ ஒருநாள்தான்." பத்து வருஷக் கதையும் இதில் அடங்கிவிட்டது.

10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, ஆலையை இயக்க வாரியம் கொடுத்த அனுமதியான இசைவாணையை நிபந்தனைகளோடு ஆர்டிஐயில் கேட்டேன். 30 நாளில் வர வேண்டியது, முதல் மேல்முறையீடு போட்ட பிறகுதான் வந்தது. உள்ளே ஒரு வரி: சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனி மின்மீட்டர் வைத்துத் தினமும் குறிக்க வேண்டும். அடுத்த ஆர்டிஐயில் அந்த ரீடிங்கை மட்டும் கேட்டேன். வந்த ஜெராக்ஸில் கழிவுநீர் அளவு மாதம் முழுக்க ஒரே எண், ஒரே பேனா. கரண்ட் யூனிட் மட்டும் மழை பெய்த நாட்களில் பாதி. அன்றைக்குச் சுத்திகரிக்காமலே திறந்துவிட்டாலும் மழையில் ஓடை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும் இல்லையா!

ஜெராக்ஸை இணைத்து ஆறாவது மனு. மூன்று வாரம் கழித்து, தூறல் விழுந்த ஒரு விடியற்காலை 5.30க்கு வாரிய ஜீப் வந்தது, மாதிரி எடுத்து சீல் வைத்தார்கள்.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சுற்றுச்சூழல் பிரச்சினையைத் தீர்க்கக் கேட்கும் பிரிவு 14 மனுவுக்கு, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான், இழப்பீடு கேட்க 5 வருஷம், இரண்டிலும் தகுந்த காரணம் காட்டினால் இன்னொரு 60 நாள். பத்து வருஷம் மனு கொடுத்தே ஓட்டிய எனக்கு, வக்கீல் இதைச் சொன்னபோது வயிற்றைக் கலக்கிவிட்டது.

மாதிரியின் ரிசல்ட் இன்னும் வரவில்லை, குடிக்கக் கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம். ஆனால் இப்போதெல்லாம் ராத்திரியிலும் சுத்திகரிப்பு நிலையத்து மோட்டார் ஓடுகிறது. சத்தத்தில் தூக்கம் கெடுகிறது, கெடட்டும்.